கேள்வி முடியும் வரை

அலாரம் அடிப்பதற்கு முன்பே வீரபாகுவுக்கு விழிப்பு வந்துவிடும். அடித்த பிறகுதான் எழுந்திருப்பான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவான். பல் விளக்குவான். கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி மேடைமேல் வைப்பான். அடுப்பைப் பற்றவைக்க மாட்டான். முதலில் பின்பக்கம் போய் மோட்டார் சுவிட்சைப் போடுவான். போட்டுவிட்டு அங்கேயே நிற்பான். தொட்டி நிறையும் வரை வேறு வேலை கிடையாது. போன் அடித்தாலும் சரி, கேட்டில் யாராவது கூப்பிட்டாலும் சரி, நகர மாட்டான். மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். மாறியதும் நிறுத்துவான். ஒரு சொட்டு வெளியே வழியாது. அதற்குப் பிறகுதான் பால், காபி, நேற்றைய குழம்பு, டிபன் பாக்ஸ். செவிலிமேடு நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வரும். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். தூங்குகிறான் என்று யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான். ஆடியில் அம்சா போய்ச் சேர்ந்தாள்.

அம்சா அவன் மனைவி. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு நாள் காலை சமையல்கட்டில் விழுந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. வாயில் குழாய் செருகியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவள் அம்மா கமலவேணி, இந்தப் பக்கம் வீரபாகு.

"உதடு அசைஞ்சுது மாப்ள, பார்த்தியா? பசங்கன்னா. பசங்கன்னு சொன்னா மாப்ள" என்றாள் கமலவேணி.

உதடு அசையவில்லை. வீரபாகு பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் பெற்றவளிடம் போய் இல்லை என்று எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்தான். அவன் மறுக்காத அந்தச் சொல் ஊருக்குள் நடக்கத் தொடங்கியது. பதினாறாம் நாள் காரியத்தில் அது "பசங்களப் பார்த்துக்கோங்க" என்று ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்து இரங்கல் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் திருஞானசம்பந்தம் மைக்கில் சொல்லும்போது, "என் பசங்க ஜெயிக்கணும்" என்று வளர்ந்திருந்தது. அம்சா மூன்று பிள்ளைகளை மாவட்ட வினாடி வினாவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தப் பேச்சு பொருந்திக்கொண்டது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் திருஞானசம்பந்தம் ஸ்கூட்டரை வீட்டு வாசலில் நிறுத்தினார். உட்காரச் சொன்னான். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தான். குடித்தார்.

"தம்பி, சனிக்கிழமை உங்களுக்கு லீவுதான?"

"ஆமாங்க சார்."

"வினாடி வினா வந்துடுச்சு. ஓரிக்கைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல வெச்சிருக்காங்க. பசங்க கூட பெரியவங்க ஒருத்தர் போகணும். எங்க ஸ்டாஃப் அத்தனை பேரும் எலெக்‌ஷன் ட்ரெய்னிங்ல மாட்டிக்கினாங்க. நானும்தான்."

"நான் டீச்சர் இல்லையே சார்."

"டீச்சரா இருக்கணும்னு இல்ல. கூட்டிக்கினு போய் கூட்டிக்கினு வந்தா போதும்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அம்சா டீச்சர் கடைசியா சொன்னதும் இதானே தம்பி."

வீரபாகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்து, "எத்தனை மணிக்கு சார்?" என்றான்.

சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் மூன்று பேரும் அவனுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நதியா பத்தாம் வகுப்பு, அணித் தலைவி. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, சிரிக்காத முகம். அவள் அம்மா பட்டுக் கடை ஒன்றில் புடவை மடித்துக் காட்டும் வேலையில் இருக்கிறாள். விஷால் பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பையன். ஜோசுவாவின் அப்பா எலக்ட்ரீஷியன். வாய் மூடாத பிள்ளைகள் இரண்டு, வாய் திறக்காத பிள்ளை ஒன்று.

"சார், உங்க பேரு நெஜமாவே வீரபாகுவா?" என்று விஷால் கேட்டான்.

"ஆமாம். தாத்தா பேரு."

"மிஸ் கிளாஸ்ல 'எங்க வீட்டு வீரரு'ன்னு சொல்வாங்க சார். கலாய்க்கிறாங்கன்னு நெனச்சுக்கினு இருந்தோம்."

"உங்கள வெச்சு கணக்கே போடுவாங்க சார்" என்றான் ஜோசுவா. "ஒரு தொட்டியில இவ்ளோ லிட்டர் பிடிக்கும். மோட்டார் நிமிஷத்துக்கு இவ்ளோ ஏத்தும். எங்க வீட்டு வீரரு சுவிட்சப் போட்டுட்டு மறந்துட்டு பேப்பர் படிக்கிறாரு. அவரு விளையாட்டுப் பக்கத்துக்கு வர்றதுக்குள்ள எத்தனை லிட்டர் தெருவுல ஓடும்?"

விஷால் விழுந்து விழுந்து சிரித்தான். வீரபாகுவுக்குச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. உதட்டை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டேய், கம்முனு வாங்கடா" என்றாள் நதியா. "ரிவிஷன் பண்ணுங்க."

அந்த அணிக்கு அம்சா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அது அவள் அப்பா வீட்டுத் தறியிலிருந்து வந்தது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்வார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடு நூல் சுற்றிய நாடாவை எறிவார். எறிகிறவர் தன் இஷ்டத்துக்கு எறிந்தால் கரை ஒரு பக்கம் போகும், உடல் ஒரு பக்கம் போகும். நெய்கிறவர் சைகை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நாடா. அதையே அம்சா வினாடி வினாவுக்குச் சட்டமாக்கினாள். விடை தெரிந்தவர் கை பெல்லைத் தொடக் கூடாது. முழங்கையால் பக்கத்தில் இருப்பவரை இடிக்க வேண்டும். இடிபட்டவர் கேள்வி முழுதாக முடிந்த பிறகு அடிக்க வேண்டும். நடுவில் நதியா. விஷாலுக்கோ ஜோசுவாவுக்கோ தெரிந்தால் நதியா அடிப்பாள். நதியாவுக்குத் தெரிந்தால் ஜோசுவா அடிப்பான். தெரிந்தவனுக்கு அவசரம் வந்துவிடும், தெரியாதவனுக்குத்தான் காது திறந்திருக்கும் என்பது அம்சாவின் கணக்கு. ராத்திரி சாப்பிடும்போது இதை அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் காதில் பாதிதான் ஏறியது. மீதி இப்போது, போட்டி மேடையைப் பார்த்தபோது ஏறியது.

எழுத்துத் தேர்வில் தேறிய ஆறு அணிகள் மேடையில் உட்கார்ந்திருந்தன. வீரபாகு கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறு பள்ளி டீச்சர் ஒருவர், "நீங்க எந்த சப்ஜெக்ட் சார்?" என்று கேட்டார். "கூட வந்தவன்" என்றான்.

சுற்று முறையில் வந்த கேள்விகளில் பிள்ளைகள் நன்றாகவே சொன்னார்கள். பெல் சுற்று வந்தது. கேள்வி கேட்பவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"பட்டு நூலை வேகவைக்கும்போது கரைந்து வெளியேறும் பசை…"

பெல் அடித்தது. நதியா.

"செரிசின்!"

பட்டு என்ற சொல்லைக் கேட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கை நிற்காது. அன்று அது மட்டும் காரணமில்லை. யாரும் யாரையும் இடிக்கவில்லை. தெரிந்தவளே அடித்திருந்தாள்.

"கேள்வி முடியலம்மா" என்றார் அவர். "கரைந்து வெளியேறும் பசை செரிசின். அது நீங்கிய பிறகு எஞ்சி நிற்கும் புரதம் எது? தவறான விடை. மதிப்பெண் குறைகிறது."

அடுத்த அணி ஃபைப்ராயின் என்று சொல்லி வாங்கிக்கொண்டது. விஷால் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் வீட்டுப் பாட்டு அது. இடித்திருந்தால், காத்திருந்தால், சொல்லியிருப்பான்.

நதியா அடுத்த கேள்விக்கும் பாதியில் அடித்தாள். அதற்கடுத்ததுக்கும். இரண்டும் தப்பு. அப்புறம் அவள் கை மேஜைமேல் வரவே இல்லை. விஷால் இடித்தான், ஜோசுவா இடித்தான். கை மடியிலேயே கிடந்தது. சாப்பாட்டு இடைவேளை விட்டபோது ஆறு அணிகளில் அவர்கள் கடைசி.

வேப்ப மரத்தடியில் எலுமிச்சை சாதப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். நதியா பிரிக்கவில்லை.

"துன்னுடி" என்றான் ஜோசுவா. "பசியோட இருந்தா இன்னும் வேகமாத்தான் அடிப்ப."

"கிண்டல் பண்ணாத."

"பின்ன இன்னா? மிஸ் எத்தனை வாட்டி சொல்லியிருக்காங்க. தெரிஞ்சவ அடிக்கக் கூடாதுன்னு. நீ உன் பாட்டுக்கு டப்பு டப்புன்னு அடிக்கிற. நாங்க ரெண்டு பேரும் எதுக்கு இருக்கோம்? சேர் தேய்க்கறதுக்கா?"

நதியாவின் தாடை இறுகியது. "உனுக்குத் தெரியாது. மிஸ் உங்கிட்டயா சொல்லிட்டுப் போனாங்க?"

"இன்னா சொன்னாங்க?"

"நதியா ஜெயிக்கணும்னு. ஆஸ்பத்திரியில. கடைசியா." அவள் குரல் அங்கே முறிந்தது. "எங்கம்மா கடைக்கு வந்த டீச்சர் ஒருத்தர் சொன்னாங்க. எங்கம்மா தெனம் காலையில சொல்லுது. சாகும்போது உன் பேர சொல்லிட்டுப் போயிருக்காங்கடி, அத மறந்துடாதன்னு. இப்ப நான் தோத்துட்டுப் போய் எங்க மூஞ்ச வெச்சுக்கறது?"

விஷால் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான்.

வீரபாகுவின் கையில் பொட்டலம் இருந்தது. பசங்க என்ற ஒரு சொல். அதுவும் சொல்லாத சொல். அது வீடு வீடாகப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, பெயர் வைத்துக்கொண்டு, இந்தப் பெண் கழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவன் ஆஸ்பத்திரியில் வாய் திறந்திருந்தால் அது படுக்கையைத் தாண்டியிருக்காது. அந்த நினைப்பு வந்ததும் அதன் பின்னாலேயே வேறு ஏதோ வரப் பார்த்தது. அவன் அதை வரவிடவில்லை. பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"அம்சா அப்படிச் சொல்லல" என்றான்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரியில அவ எதுவுமே சொல்லல. பேசற நெலமையில இல்ல. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"ஹெச்.எம். சார் மைக்ல சொன்னாரே" என்றான் விஷால்.

"அவருக்கு யாரோ சொன்னாங்க."

நதியா அவனை முறைத்தாள். கண் சிவந்திருந்தது. "நான் தோத்துடுவேன்னு சமாதானத்துக்குச் சொல்றீங்க சார்."

"எனக்கு சமாதானம்லாம் சொல்ல வராது."

அது உண்மை என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவள் பார்த்தாள்.

"அப்போ எங்களப் பத்தி எதுவுமே சொல்லலையா?"

"இல்ல."

"ஒரு வார்த்தை கூடவா?"

"இல்லம்மா. சாகப் போறோம்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தானே அந்த மாதிரிலாம் பேசுவாங்க?"

மரத்தில் காக்கை ஒன்று சாதத்துக்காகக் கத்தியது. ஜோசுவா ஒரு பருக்கையை எடுத்து எறிந்தான். "இன்னா சார் நீங்க, போயும் போயும் இன்னிக்கு இதச் சொல்றீங்க" என்று முணுமுணுத்தான்.

நதியா மூக்கைத் துப்பட்டாவில் துடைத்தாள். பொட்டலத்தை இழுத்து நூலை அறுத்தாள். ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். அப்புறம் நிற்கவே இல்லை. காலையிலும் சாப்பிடவில்லை போலிருந்தது. பாதி சாதம் உள்ளே போன பிறகு தலையைத் தூக்கினாள்.

"அப்போ மிஸ் கடைசியா இன்னாதான் சார் சொன்னாங்க?"

அவள் கடைசியாகச் சொன்ன ஒன்று வீரபாகுவிடம் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. எல்லாரிடமும் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"சாயங்காலம் சொல்றேன்" என்றான். "மொதல்ல உள்ள போங்க."

"ப்ராமிஸ்?"

"சொல்றேன்."

மேடையில் ஏறும்போது நதியா நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, இரண்டு முழங்கைகளையும் பக்கவாட்டில் விரித்துவைத்தாள். இரண்டு பேரும் இடிக்க வாகாக.

பிற்பகல் முதல் கேள்வி கடிகாரம். "கடிகாரத்தின் இரண்டு முட்களுக்கும் இடையே உள்ள கோணம், மணி மூன்றைக் கடந்து…" என்று வாசிக்கும்போதே ஓரத்து அணி அடித்தது. தொண்ணூறு டிகிரி என்றது. "மணி மூன்றைக் கடந்து முப்பது நிமிடம் ஆகும்போது எவ்வளவு?" என்று அவர் முடித்தார். கேள்வி நகர்ந்து நகர்ந்து நதியாவின் அணிக்கு வந்தது. எழுபத்தைந்து என்றாள். சின்ன முள் அசையாமல் நிற்குமா என்ன என்பது போல ஒரு முகம்.

அதற்கப்புறம் அவர்கள் வேலை செய்ததைப் பார்த்தால் தறிச் சத்தம் காதில் கேட்டிருக்கும். ஒரு இடி, ஒரு காத்திருப்பு, ஒரு மணி. ஒரு இடி, ஒரு காத்திருப்பு, ஒரு மணி. விஷாலுக்குத் தெரிந்ததை நதியா அடித்தாள். நதியாவுக்குத் தெரிந்ததை ஜோசுவா அடித்தான். ஒரு தடவை ஜோசுவா தப்பாக இடித்துவிட்டு, அடிக்காதே என்று தலையை ஆட்டினான். அவளும் அடிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் வீரபாகு தன் முழங்கையைப் பக்கத்து நாற்காலிக் கைப்பிடியில் அழுத்திக்கொண்டிருந்தான். பக்கத்து டீச்சர், "உங்க பசங்களா சார்? நல்லா ஏறிட்டு வராங்க" என்றார். வீரபாகு தலையசைத்தான்.

கடைசியிலிருந்து ஏறி ஏறி, முதல் இடத்தில் இருந்த அணிக்குச் சமமாக வந்து நின்றார்கள். ஒரே ஒரு கேள்வி மிச்சம்.

"கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் வரும் பாலாறு…"

விஷாலின் முழங்கை நதியாவின் விலாவில் இறங்கியது. எல்லாருக்கும் தெரிந்துபோகும் அளவுக்கு இறங்கியது. அவள் கை பெல்லுக்குமேல் போய் நின்றது. அழுத்தவில்லை. காத்திருந்தாள்.

"…கடலில்…"

சமமாக நின்ற அந்த முதலிடத்து அணி அடித்தது.

"வயலூர்."

"சரியான விடை."

நதியாவின் கை பெல்லுக்குமேல் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கேள்வி முடியவில்லை. முடியவே இல்லை.

இரண்டாம் பரிசு. சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அந்த அணிதான் போகும். கையில் ஒரு சின்னக் கேடயம் கொடுத்தார்கள். கீழே இறங்கி வரும் நதியாவின் முகத்தை வீரபாகு பார்த்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் விஷாலிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

"விலா எலும்பு உடைஞ்சுடுச்சுடா பன்னி. இடிக்கச் சொன்னா குத்துவியா?"

"அவ்ளோ குத்தியும் நீ அடிக்கல பாரு."

"கேள்வி முடியலயே."

"அதுக்குன்னு? பாலாத்துலயே நம்மள முழுகடிச்சுட்டானுங்க."

"தண்ணி எங்கடா இருக்குது அதுல முழுகறதுக்கு" என்றான் ஜோசுவா. மூன்று பேரும் சிரித்தார்கள். நதியாவுக்குத் தெற்றுப்பல் ஒன்று இருப்பதை வீரபாகு அப்போதுதான் கவனித்தான்.

பஸ் நிறுத்தத்தில் பேக்கரி ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தான். கேடயத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சுற்றி நின்று தின்றார்கள். மஞ்சள் வெயில் சாலையில் நீளமாக விழுந்திருந்தது. பஸ் வரவில்லை.

"மிஸ் இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க?" என்றான் ஜோசுவா.

"காலையில மூணு வாட்டி அடிச்சதுக்கு என்னை வெளுத்திருப்பாங்க" என்றாள் நதியா. "கடைசியில அடிக்காததுக்கு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க." சமோசா காகிதத்தைக் கசக்கி, வீரபாகுவின் பக்கம் திரும்பினாள். "சார், சாயங்காலம் ஆயிடுச்சு."

சாலையின் அந்தக் கோடியைப் பார்த்தான். பஸ் வந்தால் தப்பித்துக்கொள்ளலாம். வரவில்லை. சொல்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா."

"பரவால்ல சார். சொல்லுங்க."

"சிரிக்கக் கூடாது."

"சிரிச்சா இன்னா சார், மிஸ் பேச்சுதான" என்றான் விஷால்.

வீரபாகு பெஞ்சில் உட்கார்ந்தான். கேடயத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். காலை என்றான். செவ்வாய்க்கிழமை. நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், விளையாட்டுப் பக்கத்துக்கு வந்திருந்தேன் என்றான். அவள் சமையல்கட்டில் இருந்தாள். அங்கிருந்து ஒரு சத்தம் போட்டாள். பேப்பரைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். அவ்வளவுதான் என்றான்.

அவ்வளவு இல்லை. ஓடிப்போய் அவள் சொன்னதைச் செய்தான். செய்துவிட்டு, ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். பதில் இல்லை. அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அவள் தரையில் கிடந்தாள். தோசைத் திருப்பி கையிலேயே இருந்தது. அதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான். அந்த ஒன்றை, அவள் சொன்ன மாதிரியே, குரலைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னான்.

"இன்னா வீரரே, மறந்துட்டியா? தண்ணி தெருவுல ஓடுதுபா. மோட்டார நிறுத்து."